ஏற்றுவது வேறு, சேமிப்பது வேறு: வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்புக்கு எப்போது மாறலாம்?

உங்கள் கேள்வியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். கோவையில் பம்ப் பாகங்களும் அவற்றுக்கான வார்ப்பு பேட்டர்ன்களும் (மணலில் அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவங்கள்) வடிவமைக்கும் அலுவலகம். ஆறு கணினிகளில் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. கூடவே ஒன்றிரண்டு கணினிகளில் வரைபட மென்பொருளான ஆட்டோகேட். விற்பனை முகவர் “சந்தா கட்டியிருக்கிறீர்கள், புதிய பதிப்பு வந்துவிட்டது, ஏற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார். முதலாளி “ஓடுகிற வண்டியை எதற்காக நிறுத்துவது?” என்கிறார். நடுவில் நிற்கும் நீங்கள், எப்போது மாறுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு மென்பொருள் வெளியாகும் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. உங்கள் கோப்புகள் எங்கெங்கே போய்வருகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறது.

மென்பொருளை ஏற்றுவது ஒரு வேலை, அதில் கோப்பைச் சேமிப்பது இன்னொரு வேலை. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஏற்றிய மென்பொருள் ஒத்துவரவில்லை என்றால் அரை நாளில் நீக்கிவிடலாம். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த கோப்போ பழைய பதிப்பில் முன்போலத் திறக்காது. சாலிட்வொர்க்ஸில் 2024 பதிப்பு முதல், அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகள் வரை பின்னோக்கிச் சேமிக்கும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதிதான், நானே இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் முந்நூறு பாகங்கள் கொண்ட அசெம்பிளியை வாரத்துக்கு மூன்று முறை பின்னோக்கிச் சேமித்து அனுப்பி, திருத்தி வந்ததை மறுபடி முன்னோக்கிக் கொண்டுவருவது யாராலும் தொடர்ந்து செய்ய முடிந்த காரியம் அல்ல. எது மூலக்கோப்பு, எது நகல் என்பதே பத்து நாளில் மறந்துபோகும். அதை அவசரத்துக்கான வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் இருந்த ஒரு வடிவமைப்புப் பிரிவில் எட்டுக் கணினிகள். எந்த மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை, தவறு என்னுடையது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் எட்டிலும் புதிய பதிப்பை ஏற்றி முடித்தேன். திங்கள் காலை எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகத் திறந்தன. மகிழ்ச்சியாக இருந்தது. அன்று பதினொரு மணி வாக்கில் ஓர் இளைஞர் பம்ப் அசெம்பிளி ஒன்றின் வரைபடத்தைத் திறந்து, தலைப்புக் கட்டத்தில், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எழுத்தை ‘பி’யிலிருந்து ‘சி’ ஆக்கினார். சேமிக்கும்போது, தொடர்புடைய கோப்புகளையும் சேமிக்கவா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. யாராக இருந்தாலும் செய்வதைப்போல ‘ஆம்’ என்று அழுத்தினார். வால்யூட் கேசிங், இம்பெல்லர், பேக் பிளேட், பேரிங் ஹவுசிங் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் அந்த ஓர் அழுத்தலில் புதிய பதிப்புக்குப் போய்விட்டன. மாற்றியது ஓர் எழுத்து.

புதன்கிழமை பேட்டர்ன் செய்பவர் அழைத்தார். கோப்பு திறக்கவில்லை, அவரிடம் இருப்பது பழைய பதிப்பு. பல மென்பொருள்களும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவமான ஸ்டெப்பில் மாற்றி அனுப்பினேன். மறுநாள் காலையில் மறுபடி அழைத்தார். “சார், கல்லைக் கொடுத்ததுபோல் இருக்கிறது. வடிவம் இருக்கிறது, கை வைக்க இடமில்லை.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஸ்டெப் கோப்பில் வடிவம் போகும், அந்த வடிவம் எப்படிப் படிப்படியாக உருவானது என்ற வரலாறு போகாது. சாம்பல் வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது ஏறத்தாழ நூறு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கு ஈடாக மொத்த உருவத்தையும் பெருக்கிவிடலாம், அதற்கு வரலாறு தேவையில்லை. ஆனால் எந்தெந்த முகத்தில் எந்திர வேலை உண்டோ அங்கே மட்டும் மூன்று மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். பேட்டர்ன் மணலிலிருந்து கழன்று வரப் பக்கச்சுவர்களுக்கு ஒரு பாகைச் சரிவு கொடுக்க வேண்டும். போல்ட் துளைகளை மூட வேண்டும். வளைவுகள் எல்லாம் போட்டு முடித்த உருவத்தில், வரலாறு இல்லாமல் இவற்றைச் செய்வது பெரும்பாடு. அவர் கேசிங்கை முதலிலிருந்து வரைந்தார். ஒன்பது நாட்கள் போயின, வார்ப்பாலையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த முறையும் கைவிட்டுப் போனது. பேக்கப் இருந்தது, அதை எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்துப் போட்டால் எட்டுப் பேருடைய மூன்று நாள் உழைப்பு அழிந்துவிடும். பேக்கப் எடுத்த நேரத்துக்கும் தவறு தெரியவந்த நேரத்துக்கும் இடையே நடந்த வேலைக்கு பேக்கப் உதவாது. அன்றுதான் இதைப் புரிந்துகொண்டேன்.

இது சிறிய பட்டறைகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு நேர்ந்தது உலகறிந்த செய்தி. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், பிரான்சின் துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஐந்தாம் பதிப்பு நான்கின் மேல் போட்ட மெருகு அல்ல, அடியோடு புதிதாக எழுதப்பட்டது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடற்பகுதிகளைத் துலூஸில் இணைக்கும்போது கம்பிக்கட்டுகள் நீளம் போதாமல், போக வேண்டிய வழியில் போகாமல் நின்றன. 2006ஆம் ஆண்டில் தாமதத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிவிக்க வேண்டியதாயிற்று. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபரில். காரணம் மென்பொருள் ஒன்று மட்டுமல்ல. ஆனால் ஒரே பொருளில் கை வைக்கும் இரண்டு இடங்கள் இரண்டு பதிப்பில் இருந்தது அதில் பெரிய பங்கு. புதியதில் இருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, பழையதில் இருந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒன்றாக மாறவில்லை என்பதுதான் குறை.

ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் மூலக்கோப்புகள் யார் யாருக்குப் போகின்றன என்று எழுதுங்கள். மூலக்கோப்பு என்றால் திருத்தக்கூடிய கோப்பு. பிடிஎஃப், ஸ்டெப் வாங்குபவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர்களுக்கு உங்கள் பதிப்பைப் பற்றிக் கவலை இல்லை. மூலக்கோப்பு வாங்குபவர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பதிப்பு, எந்த சர்வீஸ் பேக் (ஒரு பதிப்பின் பிழைகளைச் சரிசெய்ய இடையிடையே வரும் திருத்தத் தொகுப்பு), அடுத்து எப்போது மாறுவதாக எண்ணம் என்று கேளுங்கள். அரை நாள் வேலை. பட்டியலில் ஒரே ஒருவர் மட்டும் பழைய பதிப்பில் நின்றாலும், அவரோடு செய்யும் வேலை முடியும்வரை அந்த வேலையின் கோப்புகளைப் பழைய பதிப்பில்தான் வைத்திருக்க வேண்டும்.

கட்டடத் துறையில் ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. புதிய பதிப்பில் திறந்து சேமித்தால் மாதிரி மேம்படுத்தப்பட்டுவிடும், பின்னோக்கிச் சேமிக்க வழியே கிடையாது. ஒரே மையக் கோப்பில் வேலை செய்யும் கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், குழாய்ப் பணியாளர் எல்லோரும் ஒரே ஆண்டுப் பதிப்பில் இருக்க வேண்டும். அதனால் அங்கே திட்டம் தொடங்கும்போதே பதிப்பை முடிவு செய்து ஒப்பந்தத்தில் எழுதிவிடும் வழக்கம் உண்டு. எந்திரத் துறையில் நாம் இதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடித்தால் நல்லது.

ஆட்டோகேட் கோப்பில் இந்தத் தொல்லை குறைவு. மென்பொருள் ஆண்டுதோறும் புதிதாக வந்தாலும், அது சேமிக்கும் டிடபிள்யூஜி கோப்பின் உள்ளமைப்பு ஆண்டுதோறும் மாறுவதில்லை. 2004, 2007, 2010, 2013, 2018 என்று இடைவெளி விட்டுத்தான் மாறியது. 2018இன் அமைப்பு அதன் பிறகு பல பதிப்புகளாகத் தொடர்கிறது. கையில் இருக்கும் கோப்பு எந்த அமைப்பு என்று அறிய ஓர் எளிய வழி: கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள் கொட்டிக் கிடக்கும், ஆனால் முதல் ஆறு எழுத்துகள் தெளிவாக இருக்கும். ‘ஏசி1032’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கினால் 2018 அமைப்பு, ‘ஏசி1027’ என்றால் 2013, ‘ஏசி1024’ என்றால் 2010. வெண்டர் “திறக்கவில்லை” என்று மட்டும் சொல்லும்போது எத்தனையோ முறை இந்த ஆறு எழுத்துகள் என் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கின்றன. ஆட்டோகேடைப் பொறுத்தவரை பழைய அமைப்பிலேயே எப்போதும் சேமிக்கும்படி அமைத்துவிட்டால் மென்பொருளை நீங்கள் விரும்பியபோது மாற்றலாம். இதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

சாலிட்வொர்க்ஸுக்கு வருவோம். ஆண்டுப் பெயர் தாங்கிய பதிப்பு, அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்பே, ஏறத்தாழ ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டி வந்துவிடுகிறது. பிறகு அடுத்த ஓராண்டில் ஒன்று, இரண்டு என்று சர்வீஸ் பேக்குகள் வரும், ஐந்தாவதோடு அந்தப் பதிப்பு ஓயும். அதற்குள் அடுத்த பதிப்பு வாசலில் நிற்கும். ஒரே ஆண்டுப் பதிப்பின் சர்வீஸ் பேக்குகளுக்கு இடையே கோப்புகள் முன்னும் பின்னும் தடையின்றித் திறக்கும். ஆகவே ஆண்டு மாற்றத்துக்குத்தான் இவ்வளவு யோசனை. சர்வீஸ் பேக்குக்கு அவ்வளவு வேண்டாம், அதில் என்ன சரிசெய்திருக்கிறார்கள் என்ற குறிப்பைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஏற்றிவிடலாம்.

என் வழக்கம் இது. முதல் வெளியீட்டையும் முதல் சர்வீஸ் பேக்கையும் உற்பத்திக் கணினிகளில் ஏற்றுவதில்லை. உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் தங்கள் விசித்திரமான கோப்புகளை அதில் திறந்து பார்த்து, முட்டி மோதி, புகார் எழுதி, அவை திருத்தப்பட இவ்வளவு காலம் பிடிக்கும். மூன்றாவது சர்வீஸ் பேக் வந்த பிறகே மாறுவதைப் பற்றிப் பேசுவேன். சிலர் ஐந்தாவது வரும்வரை காத்திருந்து, எப்போதும் ஓராண்டு பின்தங்கியே இருப்பார்கள். வெளியே கோப்பு கொடுக்கும் சிறிய அலுவலகத்துக்கு அதுவும் நல்ல முடிவுதான், அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சந்தாப் பணம் வீணாகிறதே என்று முகவர் சொல்வதையும் ஏற்க வேண்டாம். அந்தச் சந்தாவில்தான் உங்கள் இப்போதைய பதிப்பின் கடைசி சர்வீஸ் பேக்கும் தொழில்நுட்ப உதவியும் வருகின்றன. ஒன்று மட்டும் செய்யுங்கள்: இப்போதைய பதிப்பின் முழு நிறுவற்கோப்பையும் பதிவிறக்கி, தனி வட்டு ஒன்றில் பத்திரப்படுத்துங்கள். நான்கு ஆண்டு கழித்துப் பழைய கோப்பை அதே நிலையில் திறக்க வேண்டி வரும்போது இணையத்தில் தேடி அலைய நேரக்கூடாது.

காத்திருக்கும் மாதங்களைச் சும்மா கழிக்க வேண்டாம். முதலாளிக்கும் எனக்கும் இங்கேதான் கருத்து வேறுபாடு. ஒரு கணினியில் புதிய பதிப்பை இப்போதே ஏற்றலாம். பழையதும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். ஆனால் அந்தக் கணினியைப் பொதுக் கோப்புறையில் எழுத விடாதீர்கள், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். நட்டு, போல்ட் நூலகமான டூல்பாக்ஸ் பொதுச் சர்வரில் இருந்தால், நிறுவும்போது அதையே காட்டிவிடாதீர்கள். புதிய பதிப்பு அந்தத் தரவுத்தளத்தை மேம்படுத்திவிடும், மற்ற ஐந்து கணினிகளுக்கும் அதன் பிறகு அது பயன்படாது. சோதனைக் கணினிக்குத் தனி நகல் வையுங்கள். பிணைய உரிமம் (ஒரு சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் பகிரப்படும் உரிமம்) என்றால் உரிமச் சர்வரை முதலில் மேம்படுத்த வேண்டும். புதிய சர்வர் பழைய பதிப்புகளுக்கும் உரிமம் கொடுக்கும், பழைய சர்வர் புதிய பதிப்புக்குக் கொடுக்காது. கோப்புகளையும் அவற்றின் திருத்தங்களையும் நிர்வகிக்கும் பிடிஎம் பெட்டகம் வைத்திருந்தால் அதன் தரவுத்தளமும் ஒருவழிப் பாதைதான். அந்தத் தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல் பேக்கப்பையும் கோப்புக் காப்பகத்தின் நகலையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்ட பிறகே தொட வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று இருந்து பயனில்லை.

சோதனைக்கு மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்புகள் வேண்டாம், அவை எப்போதும் அழகாகவே திறக்கும். உங்கள் வேலையிலேயே கரடுமுரடானவற்றைப் பத்து எடுங்கள். திறக்க அதிக நேரம் பிடிக்கும் அசெம்பிளி. இறக்கைகள் முறுக்கிக்கொண்டு போகும் இம்பெல்லர். வேறு மென்பொருளிலிருந்து வந்து, யாரோ ஒட்டுப்போட்டு வைத்திருக்கும் பழைய கேசிங். தகடு வளைப்புப் பட்டியலைப் படிக்கும் ஒரு மூடி. அளவுகள் நெருக்கியடிக்கும் வரைபடம். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத, ஆனால் தினமும் ஓடும் மேக்ரோ (திரும்பத் திரும்ப வரும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்). ஒவ்வொரு பாகத்துக்கும் பழைய பதிப்பில் எடை, கன அளவு, ஈர்ப்பு மையம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். புதியதில் திறந்ததும் எண்களைப் பார்க்காதீர்கள். திறந்தவுடன் தெரிவது பெரும்பாலும் பழைய பதிப்பு சேமித்து வைத்திருந்த உருவம்தான். கன்ட்ரோல் விசையோடு ‘க்யூ’வை அழுத்தி எல்லாப் படிகளையும் முதலிலிருந்து கட்டச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். ஒருமுறை என் சோதனையில் 14.286 கிலோ இருந்த கேசிங் 14.271 கிலோ ஆனது. பதினைந்து கிராம்தானே என்று விட்டிருந்தால், நாக்குப் பகுதியில் ஒரு வளைவு சத்தமில்லாமல் விழுந்துபோனது தெரியாமலே போயிருக்கும். நீர் பிரியும் இடம் அது, வளைவு இல்லாமல் வார்த்தால் பம்பின் செயல்திறனே மாறும். வரைபடங்களில், பற்றிய விளிம்பை இழந்த அளவுகள் நிறம் மாறி நிற்கும், அவற்றை எண்ணுங்கள். பத்துக் கோப்பில் இரண்டு மூன்று அளவுகள் என்றால் கவலையில்லை. முப்பது என்றால் அடுத்த சர்வீஸ் பேக் வரட்டும்.

பாகம் சுமையைத் தாங்குமா என்று கணினியிலேயே கணக்கிடும் பகுப்பாய்வு செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால், அதற்குத் தனிச் சோதனை வேண்டும், ஏனெனில் அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாது. கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையமைப்பின் இயல்புநிலை அமைப்பு ஒன்று பதிப்புக்குப் பதிப்பு மாறினாலே, கணக்கிட்டு வரும் தகைவு (பாகத்துக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை) மாறும். இத்தகைய பகுப்பாய்வுக்கான நாஃபெம்ஸ் என்ற அமைப்பின், விடை முன்பே தெரிந்த அளவுகோல் கணக்குகளில் எல்இ1 என்ற நீள்வட்டத் தகடு ஒன்று உண்டு. அதில் குறிப்பிட்ட புள்ளியில் தகைவு 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். அதைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டுங்கள். கூடவே, நீங்கள் உண்மையாகவே நீரழுத்தச் சோதனை செய்து முடிவு தெரிந்திருக்கும் ஒரு கேசிங்கையும் ஓட்டுங்கள். நடந்துகொண்டிருக்கும் பகுப்பாய்வுக்கு நடுவில் பதிப்பை மாற்றவே வேண்டாம். அறிக்கையில் பதிப்பு எண்ணை எழுதும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எச்சரித்த பிறகு முதலாளியின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்கக்கூடாது. ஏழு எட்டு ஆண்டுகள் ஒரே பதிப்பில் உட்கார்ந்திருந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கணினி ஒன்று செத்துப்போகும், கடையில் கிடைக்கும் புதியது விண்டோஸ் 11இல் வரும், அவர்கள் பதிப்பு அதற்கு முந்தைய காலத்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு சாலிட்வொர்க்ஸ் 2020 பதிப்போடு நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்டே 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. அப்போது கணினி, இயங்குதளம், கிராபிக்ஸ் டிரைவர், மென்பொருள், மேக்ரோ எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டிய கட்டாயம் வரும். ஏதாவது ஒன்று உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் புதிய பதிப்பில் கோப்பு அனுப்பும் நாளும் ஒருநாள் வரும். அன்று “திறக்க முடியவில்லை” என்று சொல்வது நீங்களாக இருப்பீர்கள். இரண்டு பதிப்புகளுக்கு மேல் பின்தங்க வேண்டாம் என்பது என் திட்டவட்டமான கருத்து. பின்னோக்கிச் சேமிக்கும் வசதியும் அந்த இரண்டோடுதான் நிற்கிறது.

உங்கள் அலுவலகத்துக்கு என்று கேட்டால் நான் இப்படிச் செய்வேன். வரும் மாதத்தில் ஒரு கணினியில் மட்டும் புதியதை ஏற்றி, பத்துக் கோப்புச் சோதனையை ஒருவரிடம் ஒப்படைப்பேன். அவருக்கு அந்த வாரம் வேறு வேலை கொடுக்க மாட்டேன். பேட்டர்ன் செய்பவரிடமும் டூல் ரூமிடமும் பேசி, சேர்ந்து மாற ஒரு தேதி குறிப்பேன். மார்ச் மாதத்தைத் தொட மாட்டேன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் எல்லா வாடிக்கையாளர்களும் அப்போதுதான் துரத்துவார்கள். மூன்றாவது சர்வீஸ் பேக் வந்து, கையில் இருக்கும் பெரிய ஆர்டரின் முதல் வார்ப்பு தேறிய பிறகு வரும் வாரக்கடைசி சரியான நாள். அன்றைய இரவு எல்லாக் கோப்புகளையும் தேதியிட்டுத் தனி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். பழைய பதிப்பை இரண்டு கணினிகளில் அடுத்த ஆறு மாதம் நீக்காமல் வைத்திருப்பேன், பழைய ஆர்டர்களின் திருத்தம் வந்தால் அவற்றில் மட்டும் செய்ய.

திங்கள் காலை ஆறு பேரையும் நிற்கவைத்து ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: தொடர்புடைய கோப்புகளையும் சேமிக்கவா என்று திரை கேட்டால், பட்டியலில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.